குணமும் கோபமும் கலந்த ஊர்

“குணமும் கோபமும் கலந்த ஊர் (6).” குறுக்கெழுத்தில் இப்படி ஒரு சங்கேதக் குறிப்பைக் கொடுத்தால், முதன்முறை பார்ப்பவர் எந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் அதிகம் என்று யோசிக்கத் தொடங்குவார். அந்த வழியில் போனால் விடை கிடைக்கவே கிடைக்காது. குறிப்பில் ஊரைப் பற்றிய செய்தி ‘ஊர்’ என்ற ஒரே சொல்தான். மற்றதெல்லாம் எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்பதற்கான கட்டளை.

நாளிதழ்களில் வழக்கமாக வரும் குறுக்கெழுத்து இப்படி இருக்காது. “முக்கனிகளில் ஒன்று (2)” என்று இருக்கும். பலாவும் பொருந்தும், வாழையும் பொருந்தும். குறுக்கே ஒரு எழுத்து விழும்வரை பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். சங்கேதக் குறிப்பில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் ஒரே விடைக்கு இரண்டு வழி இருக்கும். ஒரு முனையில் விடையின் பொருள், மறுமுனையில் அதன் எழுத்துகளை உருவாக்கும் வழி. இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தால் அதுதான் விடை; சரிபார்க்க நாளைய பேப்பர் தேவையில்லை. இந்த வகையின் பெரிய இன்பம் அந்த உறுதியில்தான் இருக்கிறது.

1913 டிசம்பர் 21-இல் நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்டதுதான் இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கம். அது நேர்க்குறிப்புப் புதிர். அதைச் சங்கேதமாக்கியவர்கள் பிரிட்டன்காரர்கள். 1926 முதல் அங்கே அப்சர்வர் இதழில் ‘டார்க்கிமாடா’ என்ற பெயரில் வந்த புதிர்கள் முக்கியமான திருப்பம். தமிழில் இந்த வடிவத்தை அக்கறையோடு செய்து காட்டியவர்களில் தென்றல் மாத இதழில் புதிர் அமைத்த வாஞ்சிநாதனைச் சொல்ல வேண்டும். ஆனால் இதன் கருவிகள் ஒன்றும் நமக்குப் புதியவை அல்ல. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் புரட்டினால் எழுத்தைக் கூட்டுவதற்கு எழுத்து வருத்தனம், எழுத்தை நீக்குவதற்கு அக்கரச்சுதகம், தலைகீழாகவும் அப்படியே படிப்பதற்கு மாலைமாற்று, ஒன்றுக்குள் இன்னொன்றை ஒளிப்பதற்குக் கரந்துறை செய்யுள் என்று பெயரோடு இலக்கணமே இருக்கிறது. கட்டம் மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது.

பேச்சை விட்டு ஒரு சின்னக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆறுக்கு ஆறு. கருப்புக் கட்டங்கள் சமச்சீராக இல்லை. ஆறே சொற்கள் கொண்ட கட்டத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

1 ■ ■ 2 □ 3
□ ■ ■ □ ■ □
4 □ □ □ □ □
■ ■ ■ □ ■ □
■ ■ 5 □ □ □
■ ■ ■ □ ■ ■

குறுக்காக
2. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் காவிரி பிறக்கும் மண் (3)
4. பதம், சிரம் ஆடும் தலம் (6)
5. பயணம் தடுமாறினால் சூதில் வைப்பது (4)

நெடுக்காக
1. சிங்கத்தோடு சிங்கத்தின் தலையும் உலையில் வேகும் (3)
2. குணமும் கோபமும் கலந்த ஊர் (6)
3. ராசிக்குள் வீட்டின் கடைசி வந்தால் கூடி வாழ்வோர் (5)

அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. தமிழ்ப் புதிரில் புள்ளி வைத்த மெய்யும் ஒரு கட்டம், உயிர்மெய்யும் ஒரு கட்டம், ஆய்தமும் ஒரு கட்டம். ‘அம்மா’ என்றால் மூன்று. படித்துக்கொண்டே வருபவர்கள் இங்கே நிறுத்திவிட்டு ஒருமுறை முயன்று பார்த்தால் நல்லது. கீழே எல்லாவற்றையும் உடைக்கப் போகிறேன்.

தொடங்க வேண்டிய இடம் 2 குறுக்கு. காரணம், அதில் நேரான செய்தி இருக்கிறது: காவிரி பிறக்கும் மண். தலைக்காவிரி நினைவுக்கு வரும், ஆனால் மூன்றே எழுத்து. ‘எந்தப் பக்கமிருந்து வந்தாலும்’ என்பது வெறும் அலங்காரம் போலத் தெரிகிறது. சங்கேதக் குறிப்பில் அலங்காரத்துக்கென்று ஒரு சொல்கூடச் செலவழிக்கக் கூடாது என்பது நல்ல புதிர்க்காரர்கள் எல்லோரும் மதிக்கும் விதி. ஆக, அந்தச் சொற்களுக்கும் வேலை இருந்தாக வேண்டும். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே: கு, ட, கு. குடகு. மாலைமாற்று.

இந்த ஒரு விடையிலேயே இரண்டு நெடுக்குச் சொற்களுக்கு முதலெழுத்து கிடைத்துவிட்டது. இரண்டுக்குமே கு.

இனி 3 நெடுக்கு. ‘வீடு’, ‘ராசி’ இரண்டும் அடுத்தடுத்து வந்ததும் மனம் ஜாதகக் கட்டத்துக்குப் போய்விடும். போகட்டும் என்றுதான் அப்படி அமைந்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் வெட்டிப் பாருங்கள். ‘வீட்டின் கடைசி’ என்றால் ‘வீடு’ என்ற சொல்லின் கடைசி எழுத்து, டு. அது ஏதோ ஒரு ராசிக்குள் போய் உட்கார வேண்டும். விடை ஐந்து எழுத்து. டு ஒன்று போனால் ராசி நான்கு எழுத்து. பன்னிரண்டு ராசிகளில் நான்கெழுத்து உள்ளவை ரிஷபம், மிதுனம், கடகம், சிம்மம், மகரம், கும்பம். குடகிலிருந்து வந்த கு கையில் இருப்பதால் கும்பம். டு உள்ளே நுழைந்தால் குடும்பம். கூடி வாழ்வோர். குறுக்கே விழுந்த கு கையில் இல்லாவிட்டாலும் ஆறு ராசிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் வந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். நல்ல குறிப்பு தனித்தே நிற்கும், கட்டம் உதவிக்குத்தான்.

1 நெடுக்கில் சிங்கம் இரண்டு முறை வருகிறது. ஒரே சொல் இரண்டு முறை வந்தால், ஒன்றைப் பொருளாகவும் மற்றதை எழுத்தாகவும் எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். பொருளாக எடுத்தால் சிங்கம் = அரி. எழுத்தாக எடுத்தால் ‘சிங்கம்’ என்ற சொல்லின் தலை = சி. அரி + சி. உலையில் வேகுவது அரிசி.

இப்போது கட்டத்தின் உயிர்நாடிக்கு வருவோம். 2 நெடுக்கு, நாம் தொடங்கிய அதே குறிப்பு. ‘கலந்த’ என்பது எழுத்துகளைக் கலைத்துப் போடச் சொல்லும் சைகை. கலைந்த, குழம்பிய, தடுமாறிய, புரண்ட, ஆடிய, சிதறிய, உடைந்த, பைத்தியம் பிடித்த என்று இந்தச் சைகைக்கு எத்தனையோ வேடங்கள் உண்டு. கலைக்க வேண்டிய எழுத்துகள் எவை? குறிப்பில் இருப்பதை அப்படியே எடுத்தால் கு, ண, மு, ம், கோ, ப, மு, ம். எட்டு. தேவை ஆறு.

தமிழ்ச் சங்கேதப் புதிரின் தனித்தன்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது. நம் மொழியில் சொற்கள் தனியாக நிற்பது குறைவு. வேற்றுமை உருபு, உம், ஏ, ஆக, ஆன என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். ஆங்கிலத்தில் புதிர் போடுபவர் சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் வெட்டை ஒளிக்கிறார். நாம் சொல்லுக்கு உள்ளேயே ஒளிக்கலாம். எங்கே வெட்டுவது என்று கண்ணுக்குத் தெரியாதபோது எண்ணிக்கைதான் வழிகாட்டி. எட்டு ஆறாக வேண்டும் என்றால் இரண்டு ‘உம்’ கழல வேண்டும். குணமும் குணம் ஆகும், கோபமும் கோபம் ஆகும். கு, ண, ம், கோ, ப, ம். ஆறு சரியாக வந்துவிட்டது.

இந்த ஆறு எழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி எழுதினால் 360 விதம் வரும் (ம் இரண்டு முறை வருவதால் 720 பாதியாகிறது). அத்தனையும் எழுத வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த மெய்ம்மயக்கமும் மொழிமுதல் எழுத்தும் இங்கே கைகொடுக்கும். சொல்லுக்கு நடுவே ம் வந்தால் அடுத்து வரக்கூடியவை ப, ம, ய, வ வரிசைகள்தான். இங்கே அப்படி இருப்பது ப ஒன்றே. ஆகவே ஒரு ம் ப-வோடு ஒட்டி ‘ம்ப’ ஆக வேண்டும். இன்னொரு ம் சொல்லின் கடைசிக்குப் போயாக வேண்டும். புள்ளியெழுத்தில் சொல் தொடங்காது, எனவே ‘ம்ப’ முதலில் வராது. ண-வும் முதலில் வராது. கு அல்லது கோ-வில்தான் தொடங்க முடியும். 360 சட்டென்று 12 ஆகிவிட்டது. முதல் எழுத்து கு என்று குடகு ஏற்கெனவே சொல்லிவிட்டதால் 6. அந்த ஆறையும் எழுதிப் பாருங்கள்: குகோம்பணம், குகோணம்பம், கும்பணகோம், குணகோம்பம், குணம்பகோம், கும்பகோணம்.

குணமும் கோபமும் கலந்த ஊர் கும்பகோணம். ஊர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம், எழுத்து செய்த வேலை.

இந்த மெய்ம்மயக்கக் கணக்கை ஒருமுறை பழகிக்கொண்டால் எந்தப் புதிரிலும் பயன்படும். ஒரு கட்டத்தில் ங் விழுந்தால் அடுத்தது க வரிசை. ஞ் என்றால் பெரும்பாலும் ச வரிசை. ந் என்றால் பெரும்பாலும் த. க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொற்களில் தம்மைத் தாமே தொடரும்: பக்கம், பச்சை, பத்து, பப்பாளி. ட், ற் மட்டும் ‘வெட்கம்’, ‘கற்பு’ என்று வேறு வல்லினத்தோடும் சேரும். கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் விழுந்தால் இரண்டில் ஒன்று: விடை ‘டிக்கெட்’ போன்ற வந்தேறிச் சொல், அல்லது நீங்கள் எங்கோ தப்பாக நிரப்பியிருக்கிறீர்கள். முதல் கட்டத்தில் ர, ல, ட விழுந்தாலும் அப்படித்தான். ரயில், லாபம், டீ மாதிரி எதையாவது தேட வேண்டும்.

புதிர் அமைப்பவருக்கும் இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. புள்ளியெழுத்தில் சொல் தொடங்காது என்பதால், குறுக்குச் சொல்லின் புள்ளியெழுத்து விழும் கட்டத்திலிருந்து ஒரு நெடுக்குச் சொல்லைத் தொடங்க முடியாது. கடைசிக் கட்டம் பெரும்பாலும் ம், ன், ர், ல், ள் என்று முடிவதால், கட்டத்தின் வலது ஓரமும் அடி ஓரமும் எப்போதும் சிக்கலான பகுதிகள். நம் கட்டத்தில் சிதம்பர ரகசியம் அந்த வலது ஓரத்தில் நடக்கிறது: ஒரு சொல் ம்-இல் முடியும் இடத்தில் குடும்பத்தின் நடு ம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆம், 4 குறுக்கு. “பதம், சிரம் ஆடும் தலம் (6).” என் பார்வையில் இந்தக் கட்டத்தின் மிகச் சிறந்த குறிப்பு இதுதான். ‘ஆடும்’ என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்கிறது. கலைக்க வேண்டியவை ப, த, ம், சி, ர, ம். அரிசியிலிருந்து சி முதலில் கிடைத்திருக்கிறது. கும்பகோணத்திலிருந்து நான்காம் கட்டத்தில் ப. ப-வுக்கு முன்னால் ம், கடைசியில் ம். மிச்சம் த, ர மட்டும். சிரம்பதம் அல்லது சிதம்பரம். கேட்கவே வேண்டாம்.

ஆனால் விடை வந்துவிட்டது என்று தாண்டிப் போகாமல் குறிப்பை மறுபடி படியுங்கள். தூக்கிய திருவடியும் விரிந்த சடைமுடியுமாக ஆடும் கூத்தனின் தலம் எது? பொருளாக முழுக் குறிப்பையும் படித்தாலும் சிதம்பரம், எழுத்துக் கட்டளையாகப் படித்தாலும் சிதம்பரம். பொருள் ஒரு பக்கம், வழி ஒரு பக்கம் என்று பிரிக்கவே முடியாமல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இத்தகைய குறிப்பு அபூர்வம். சிதம்பரம் என்ற சொல்லுக்குள் பதமும் சிரமும் இருப்பது தற்செயல். அந்தத் தற்செயலைக் கண்டுபிடித்து, அதற்குப் பொருத்தமான ‘ஆடும்’ என்ற சைகையைத் தேர்ந்தெடுப்பதுதான் புதிர்க்கலை.

5 குறுக்கில் பெரிய சிக்கல் இல்லை. பயணம் தடுமாறினால் பணயம். ண, ம் இரண்டும் ஏற்கெனவே விழுந்துவிட்டன. கட்டம் நிரம்பிவிட்டது.

இந்தக் கட்டத்தில் இடம்பெறாத, ஆனால் கடினமான புதிர்களில் திரும்பத் திரும்ப வருகிற சில உத்திகளைச் சொல்லாமல் விட மனமில்லை. அவற்றில் முதலிடம் ‘கால்’ என்ற சொல்லுக்கு. ஒரு குறிப்பில் கால் கண்ணில் பட்டால் பேனாவை நிறுத்திவிடுங்கள். அது உடம்பின் காலாக இருப்பது அபூர்வம். தலை முதலெழுத்து என்றால் கால் கடைசி எழுத்து. ஆ-காரத்தின் துணையெழுத்துக்கும் கால் என்றே பெயர். நாலில் ஒரு பங்கு என்றால் பழைய தமிழ்க் குறியீட்டில் ‘வ’. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் ‘எட்டேகால் லட்சணமே’ என்ற தனிப்பாடலில் எட்டு ‘அ’, கால் ‘வ’, சேர்ந்தால் அவலட்சணம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செய்யுள் வழக்கில் காற்றுக்கும் கால் என்று பெயருண்டு.

“பாடம் காலை விட்டுவிட்டால் சினிமா (3).” படிக்கும்போது காலை வகுப்பு முடிந்ததும் தியேட்டருக்குப் போகிற மாணவன் கண்முன் வருகிறான். ‘காலை’ பொழுதல்ல, கால் + ஐ. பாடம் என்ற சொல் தன் துணைக்காலை விட்டுவிட்டால் படம். மாத்திரைச் சுருக்கம் என்று புலவர்கள் விளையாடிய அதே விளையாட்டு. மாலை, வேலை, பாலை, கடலை என்று ஐ உருபோடு சேர்ந்தால் வேறொரு முழுச் சொல்லாகத் தோன்றும் சொற்கள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. இவை புதிர் அமைப்பவரின் பெரிய சொத்து.

“கால் போன சொல், போ என்கிறது (2).” இங்கே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ‘சொ’ என்ற எழுத்தில் முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் இருக்கின்றன. கால் போனால் கொம்பு மிஞ்சும்: செ. சொல் செல் ஆகிவிட்டது. ஒகரத்தில் கால் இருப்பதை மறந்துவிடுவதுதான் இந்தக் குறிப்பில் எல்லோரும் வழுக்கும் இடம். “கொம்பு முளைத்த பாட்டு, மங்கை (2)” என்பது இதற்கு எதிர்த்திசை: பண்ணுக்குக் கொம்பு வைத்தால் பெண்.

“கால் பங்கு சூழ்ச்சி தந்த சௌகரியம் (3)” என்று வந்தால் கால் = வ, சூழ்ச்சி = சதி. வசதி.

அடுத்தது ஒரு சொல்லை வினையாகவும் பெயராகவும் படிக்க வைக்கும் தந்திரம். “கைதி திரும்பிய மலை (2).” தப்பியோடிய ஒருவன் மலைக்குத் திரும்பிப் போகிற காட்சி. ஈரெழுத்தில் மலையின் பெயர் என்ன என்று தேடினால் நாள் முழுக்க உட்கார வேண்டியதுதான். கைதியைத் திருப்பினால் தி, கை. திகை. மலை என்பது இங்கே பர்வதம் அல்ல, ‘மலைத்து நில்’ என்ற வினை. தமிழில் வினைச்சொல்லின் ஏவல் வடிவம் எந்த ஒட்டும் இல்லாமல் வெறும் பகுதியாக நிற்பதால், படி, அடி, மலை, அலை, திரை, நகை, அணி என்று நூற்றுக்கணக்கான சொற்கள் இப்படி இரண்டு முகம் காட்டும். குறிப்பின் முதல் சொல்லோ கடைசிச் சொல்லோ இப்படி இருந்தால், இரண்டு முகத்தையும் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பொருள் பகுதி எப்போதும் குறிப்பின் ஏதாவது ஒரு முனையில்தான் இருக்கும். நடுவில் இருந்தால் அது புதிர் போட்டவரின் பிழை.

புணர்ச்சியைப் பயன்படுத்தலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. “பொங்கல் பானையருகே நிற்பதைப் பேய் பிடித்தால் வகுப்பில் எழுதலாம் (6).” பானையருகே நிற்பது கரும்பு. பேய், அலகை, ‘வையத்து அலகையா வைக்கப் படும்’ என்ற குறளில் வரும் அதே அலகை. கரும்பு + அலகை = கரும்பலகை. வெறும் எழுத்துக் கணக்காகப் பார்த்தால் பு-வும் அ-வும் தனித்தனியே இருக்க வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. குற்றியலுகரம் உயிர் வந்தால் கெடும் என்பது தமிழ் வாசகர் ஒவ்வொருவரின் நாக்கிலும் இருக்கும் விதி. அதைப் புதிருக்குள் தடை செய்தால் நம் மொழியின் மிக அழகான இணைப்புகளை இழந்துவிடுவோம். ஆனால் அரிய விதிகளை இழுத்து வந்து ‘இதுவும் புணர்ச்சிதான்’ என்று நிற்பது வேறு. வாசகர் இயல்பாகச் சேர்த்துப் படிப்பதோடு நிறுத்திக்கொள்வது நியாயம்.

ஒலிமயக்கக் குறிப்பு, அதாவது ஒரே மாதிரி ஒலிக்கும் இரு சொற்களை வைத்து ஆடும் வகை, ஆங்கிலத்தில் சர்வசாதாரணம். தமிழில் அதற்கு ல, ள, ழ குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும்தான் நம்ப வேண்டியிருக்கும். வாழையை வாளை என்று உச்சரிப்பவரை நம்பி ஒரு புதிர் கட்டுவதைத் தவிர்ப்பதே நல்லது.

ஒளித்து வைக்கும் வகையில் சுலபமாகத் தவறுவது வேறு இடத்தில். “உலக விதைகளுக்குள் ஒரு பாட்டு (3).” உலகவிதைகள் என்று சேர்த்து எழுதினால் நடுவில் கவிதை தெரியும். இதே குறிப்பை “உலக விதைகள் விற்கும் பெரிய கடைக்குள்” என்று நீட்டினால் விடை மாறாது, ஆனால் ‘விற்கும் பெரிய கடை’ வேலையில்லாமல் நிற்கும். ஒளிப்பிடம் விடையின் இரு புறமும் ஓரிரு எழுத்துதான் தள்ளி இருக்க வேண்டும். இன்னொன்று, ஒளிந்த சொல் குறைந்தது இரண்டு சொற்களிலாவது பரவியிருக்க வேண்டும். ‘நகரம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ‘கரம்’ இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை.

கணினி வைத்துப் புதிர் அமைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூனிகோடில் ‘கோ’ ஓர் எழுத்தல்ல, க-வும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ‘ம்’ என்பதும் ம, புள்ளி என்று இரண்டு. கும்பகோணத்தின் நீளத்தை ஒரு சாதாரண நிரலிடம் கேட்டால் 6 என்று சொல்லாது, 10 என்று சொல்லும். எழுத்துகளைக் கலைக்கச் சொன்னாலோ தலைகீழாக்கச் சொன்னாலோ புள்ளியும் கொம்பும் தனியே கழன்று அந்தரத்தில் தொங்கும். முதலில் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து ஒரு பட்டியலாக்கிவிட்டு, அதன் மேல்தான் எண்ணுவது, கலைப்பது, திருப்புவது எல்லாம் செய்ய வேண்டும். எந்த மெய்யெழுத்தும் அதற்குப் பின்னால் ஒட்டும் குறியும் ஓர் அலகு என்று ஒரே ஒரு விதி எழுதினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் தனியாகக் கவனிக்க வேண்டும். அவற்றை ஓர் எழுத்தாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதைப் புதிரின் தலைப்பிலேயே சொல்லிவிடுவது தீர்ப்பவருக்குச் செய்யும் மரியாதை.

கையில் தாளை வைத்துத் தீர்ப்பவர்கள் கலைப்பு எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுவது நல்லது. வரிசையாக எழுதினால் பழைய சொல்லே திரும்பத் திரும்பக் கண்ணில் படும். புள்ளியெழுத்துகளை வட்டத்துக்கு வெளியே தனியாக வையுங்கள். அவற்றுக்குப் போகக்கூடிய இடங்கள் குறைவு என்பதால் முதலில் அவற்றையே பொருத்தலாம்.

மிச்சம் நான்கு குறிப்புகள், விடை இல்லாமல்:

குளத்துப் பூ கொடு மானே! (3)

கப்பலின் முகப்பு வானத்தில் நுழைந்தால் ஊர்தி (4)

தலை வெட்டுண்ட மண்டையோடு ஆற்றைக் கடக்க உதவும் (3)

செய்யுளை அடுத்து வடகாற்று வீச, சிறுமி உடுத்துவது (3)